தடுப்பு மருத்துவம் உப்பிலிருந்து தொடங்கட்டும்

தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. 2020-ல் மாநிலம் தழுவி நடத்தப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில் தெரியவந்த கணக்கு இது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு எண் இதைவிடக் கவலைக்குரியது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மற்றவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பலர் மாத்திரையை இடையில் விட்டிருந்தார்கள். இந்த நிலையை மாற்றும் முயற்சியாக, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. அந்தந்த ஊர்ப் பெண்களே சுகாதாரத் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நோயாளியாகப் பதிவானவர்களுக்கு மாத்திரையை வாசலிலேயே கொடுக்கிறார்கள். ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய துணை. இரண்டாம் சுற்று ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்போரின் விகிதம் 17 சதவீதமாக உயர்ந்திருந்தது. 2024-ல் ஐ.நா.வின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. இது உழைத்துப் பெற்ற வெற்றி, அதில் ஐயமில்லை.

ஆனால் மீதி 83 சதவீதத்தினர் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறார்கள். இன்னும் பல மடங்கு தன்னார்வலர்களை நியமித்தாலும், இந்த வழியில் மட்டும் எல்லோரையும் எட்டிவிட முடியாது. மாத்திரை என்பது நோய் வந்த பிறகு, அதைக் கண்டுபிடித்த பிறகு, தினமும் மறக்காமல் விழுங்கினால் மட்டும் வேலை செய்கிற ஆயுதம். அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றும் உண்டு. பிரிட்டனின் தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதை விளக்கினார். ரத்த அழுத்தம் மிக அதிகமாக உள்ள சிலருக்கு ஆபத்து பெரிது; ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. எல்லையை ஒட்டி, கொஞ்சம் கூடுதலாக உள்ளவர்கள் ஏராளம். ஆகவே மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் பெரும்பங்கு அந்த இரண்டாவது கூட்டத்திலிருந்துதான் வருகிறது. அவர்களில் பலரை எந்த மருத்துவரும் நோயாளி என்று சொல்ல மாட்டார். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது. சுமார் 10 லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2002-ல் வெளியான பகுப்பாய்வு, மேல் ரத்த அழுத்தம் வெறும் 2 புள்ளி குறைவாக இருந்தாலே நடுவயதில் பக்கவாத மரணம் சுமார் 10 சதவீதம் குறைவாக இருக்கும் என்று காட்டியது. தனி ஒருவருக்கு 2 புள்ளி பொருட்டே இல்லை. 7 கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநிலத்தின் சராசரியில் 2 புள்ளி இறங்கினால், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதி மாறும். அந்த 2 புள்ளியை இறக்குவதற்கு நம் கையில் இருக்கும் மிகச் சுலபமான வழி சமையலறை உப்பு. நியாயவிலைக் கடை வழியாக, சோடியம் குறைந்த உப்பைச் சாதாரண உப்பின் விலைக்கே அரசு விற்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நாளொன்றுக்கு ஒருவர் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர்கள் சாப்பிடுவது, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், 8 முதல் 11 கிராம் வரை. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடுகிறது என்றால் கணக்கு சரியாக வருகிறது. நிறுவனம் சொல்லும் அளவுக்கு அந்த வீட்டுக்கு 600 கிராம் போதும். இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கொள்கை வகுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். சோறு, சாம்பார், ரசம், பொரியல், கூட்டு என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியே உப்பு விழுகிறது. மோருக்கு ஒரு சிட்டிகை. ஓரத்தில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடலோரத்தில் கருவாடு. இந்தியரின் உப்பில் பெரும்பங்கு இப்படி வீட்டு அடுப்படியில், அளந்து பார்க்காத கையால் சேர்வது. ஆகவே ‘உப்பைக் குறையுங்கள்’ என்று மருந்துச் சீட்டின் அடியில் எழுதித் தருவதற்குப் பலன் குறைவு. மருத்துவர் அந்த அறிவுரையைச் சொல்வது நோயாளியிடம். உப்புப் போடும் கை பெரும்பாலும் வேறொருவருடையது. ஒருவருக்காகத் தனிச் சமையல் செய்யும் வசதி பெரும்பாலான வீடுகளில் இல்லை. இரண்டு வாரம் நடக்கும். மூன்றாவது வாரம் பழைய கைப்பக்குவம் திரும்பிவிடும். இதை மக்களின் அலட்சியம் என்று திட்டிப் பயனில்லை. தடுப்பு நடவடிக்கையின் முழுப் பாரத்தையும் தனிமனித மன உறுதியின் மேல் ஏற்றினால், எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

வேறு நாடுகள் இந்தப் பாரத்தை எப்படி இறக்கின என்று பார்க்கலாம். பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் 1972-ல் பெக்கா புஸ்காவின் தலைமையில் தொடங்கிய திட்டம், மருத்துவமனைகளோடு நிற்காமல் பால் பண்ணைகளையும் உணவு ஆலைகளையும் பெண்கள் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. பிரிட்டனில் 2003 முதல் அரசு அமைப்பு ஒன்று உணவு நிறுவனங்களுக்கு இலக்கு வைத்து, ரொட்டி முதலிய பண்டங்களின் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தது. 2011-க்குள் ஒருவர் சாப்பிடும் உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமாக இறங்கியது. நாக்குக்கு மாற்றம் தெரியாத வேகத்தில் அது நடந்தது. ஆனால் பிரிட்டனின் வழியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே உப்பு ஆலையில் சேர்கிறது. சில பெரிய நிறுவனங்களைப் பணிய வைத்தால் போதும். நம் ஊரில் கோடிக்கணக்கான அடுப்படிகள். அதனால் சமையலின் அளவை மாற்றப் பார்ப்பதைவிட, கை அள்ளிப் போடும் அந்தப் பண்டத்தையே மாற்றுவதுதான் நமக்கு ஏற்ற வழி.

இந்த வழிக்கு மிக வலுவான சான்று சீனாவிலிருந்து வந்தது. அங்கேயும் உப்பில் பெரும்பங்கு வீட்டுச் சமையலில்தான் சேர்கிறது. ஐந்து மாகாணங்களில் 600 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, பாதிக் கிராமங்களில் 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள்; மீதிக் கிராமங்கள் வழக்கமான உப்பிலேயே தொடர்ந்தன. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டிய ரத்த அழுத்த நோயாளிகள் என 20,995 பேரைச் சராசரியாக 4.74 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. சாதாரண உப்புக் கிராமங்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 34 பக்கவாதங்கள். மாற்று உப்புக் கிராமங்களில் 29. அதாவது பக்கவாதம் 14 சதவீதமும், மொத்த மரணம் 12 சதவீதமும் குறைந்தன. யாருக்கும் புது மாத்திரை கொடுக்கவில்லை. யாரையும் பத்தியம் இருக்கச் சொல்லவில்லை. பெருவின் தும்பேஸ் பகுதியில் ஆறு கிராமங்களில் நடந்த சோதனையில், அதுவரை ரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்குப் புதிதாக அது வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் பக்கத்திலேயே, தெலங்கானாவின் சித்திப்பேட்டைக் கிராமங்களில் 502 ரத்த அழுத்த நோயாளிகளிடம் மூன்று மாதம் நடத்திய சோதனையில் மேல் அழுத்தம் 4.6 புள்ளி இறங்கியது. குழம்பும் ஊறுகாயும் சாப்பிடும் தென்னிந்தியச் சமையலுக்கும் இது பொருந்துகிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தே, 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சோடியம் குறைந்த உப்பைப் பரிந்துரைத்தது.

உப்பைக் கொண்டு நோயைத் தடுக்கலாம் என்பது இந்த நாட்டுக்குப் புதிய பாடமும் இல்லை. 1956-ல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி.ராமலிங்கசாமியும் சக ஆய்வாளர்களும் பகுதி பிரித்து, சில இடங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஓரிடத்துக்குச் சாதாரண உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் போன இடங்களில் கழுத்துக் கழலை வற்றியது. மற்ற இடத்தில் அப்படியே இருந்தது. அந்த ஆய்வின் மேல் எழுந்ததுதான் 1962-ன் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டமும் பின்னாளில் நாடு முழுக்க வந்த அயோடின் உப்பும். இன்றைய தலைமுறைக்குக் கழலை என்ற நோயே பரிச்சயமில்லாமல் போனதற்கு அந்த உப்புப் பாக்கெட்டும் ஒரு முக்கியக் காரணம். இதில் தமிழ்நாடு பெருமைப்பட முடியாத ஓர் இடமும் உண்டு. 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி இடம் நமக்கு. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளைவது தூத்துக்குடி முதல் மரக்காணம் வரை நீளும் நம் கடற்கரையில்தான். விளைச்சல் பக்கத்தில் இருப்பதாலேயே அயோடின் சேராத கல் உப்பு மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கிறது. ஊறுகாய்க்கும் குழம்புக்கும் கல் உப்பே ருசி என்ற பழக்கமும் ஊன்றிப்போயிருக்கிறது. புதிய உப்பு எந்தச் சந்தையில் நுழைய வேண்டியிருக்கிறது என்பதை அந்த 61.9 சதவீதம் எச்சரிக்கிறது. உத்தரவு மட்டும் போட்டால் போதாது. விலை, கிடைக்கும் இடம், பழக்கம் மூன்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

விலையின் பாடத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2014 ஜூனில் தமிழ்நாடு அரசு ‘அம்மா உப்பு’ என்ற பெயரில் மூன்று வகை உப்பை அறிமுகப்படுத்தியது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் அரசு நிறுவனமான தமிழ்நாடு உப்புக் கழகத்தின் தயாரிப்பு அது. அயோடின் கலந்த சுத்திகரித்த உப்பு கிலோ 10 ரூபாய். இரும்புச்சத்தும் அயோடினும் சேர்ந்த உப்பு 14 ரூபாய். சோடியம் குறைந்த உப்பு 21 ரூபாய். சீன ஆய்வின் முடிவு வருவதற்கு ஏழாண்டு முன்பே ஒரு மாநில அரசு இப்படி யோசித்தது பாராட்டுக்குரியது. ஆனால் மூன்றிலும் எது அதிகம் பேரின் உயிரைக் காக்குமோ, அதன் விலை 10 ரூபாய் உப்பைப்போல இரு மடங்குக்கும் மேல். வரப்போகிற பக்கவாதம் எந்த வாடிக்கையாளரின் கண்ணுக்கும் தெரியாது. கடையில் தெரிவது 10-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம்தான். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீடு எதை எடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. தனியார் நிறுவனங்களின் சோடியம் குறைந்த உப்பும் இன்றுவரை வசதியுள்ளவர்கள் வாங்கும் பொருளாகவே இருக்கிறது. சீனக் கிராமங்களில் மாற்று உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அந்த முடிவு நமக்கும் வேண்டுமென்றால் விலை வித்தியாசத்தை அரசு ஏற்க வேண்டும்.

அதற்கு எவ்வளவு ஆகும்? மாநிலத்தில் சுமார் 2.2 கோடிக் குடும்ப அட்டைகள் உள்ளன. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ என்று வைத்து, 2014-ன் வித்தியாசமான 11 ரூபாயையே எடுத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 290 கோடி ரூபாய். விலைவாசியைக் கருதி அதை இரட்டிப்பாக்கினால் 580 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் சுகாதாரத் துறைக்கு ஒதுக்கிய 21,906 கோடியில் இது 3 சதவீதத்துக்கும் குறைவு. இதை ஒரே நாளில் மாநிலம் முழுக்கத் தொடங்கச் சொல்லவில்லை. முதலில் இரண்டு மாவட்டங்கள். ஒன்று உப்பளம் உள்ள கடலோர மாவட்டமாகவும் மற்றது உள்நாட்டு மாவட்டமாகவும் இருக்கட்டும். அங்கே நியாயவிலைக் கடைகளில் சோடியம் குறைந்த அயோடின் உப்பைச் சாதாரண உப்பின் விலைக்கு விற்க வேண்டும். சாதாரண உப்பும் அதே கடையில் கிடைக்க வேண்டும். கல் உப்பு ருசி பழகிய ஊர்களில் தூளோடு கல் வடிவிலும் கலந்து தர முடியுமா என்பதை உப்புக் கழகம் சோதித்துப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடுக்கு இந்தியா இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது, விலை ஏறியிறங்கும். அதனால் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தமும் தேவை.

இந்த யோசனைக்கு எதிராக எழும் கேள்விகளில் மிகப் பெரியது சிறுநீரகம் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறி உயிர் போகலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம் என்றும், காய்கறியை வேகவைத்து நீரை வடித்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்றும் சொல்வது இதனால்தான். பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் உண்டு. சீன ஆய்வில் தீவிர சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தவர்களையும், அத்தகைய நீர்மாத்திரை எடுப்பவர்களையும் சேர்க்கவில்லை. அந்த வரம்புக்குள் பொட்டாசிய மிகையால் கூடுதல் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. வரம்பைத் தாண்டி எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று சீனாவுக்காக 2020-ல் ஒரு கணக்கீடு செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 4.6 லட்சம் இதய, ரத்தநாள மரணங்கள் தடுக்கப்படும். சிறுநீரக நோயாளிகளிடையே சுமார் 11,000 மரணங்கள் கூடும் என்றது அது. நிகரக் கணக்கில் ஆதாயம் மிகப் பெரிது. ஆனாலும், பலரைக் காப்பதற்காகச் சிலரைப் பலி கொடுக்கும் திட்டத்தை எந்த மருத்துவரும் ஏற்க முடியாது. ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் வெயிலில் உழைக்கும் விவசாயிகளிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருப்பதை அறிந்த நமக்கு இந்தக் கவலை இன்னும் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

ஆகவே பாதுகாப்பும் திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு மற்ற மாநிலங்களைவிடத் தமிழ்நாட்டில் தயாராகவே இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பதிவேட்டில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் வீடுவாரியாகப் பதிவாகியிருக்கிறார்கள். சிறுநீரகம் கெடும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களும் இவர்களே. சோதனை மாவட்டங்களில் புது உப்பு கடைக்கு வருவதற்கு முன்பே இவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிரியாட்டினின் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். வயல், உப்பளம், செங்கல் சூளை என்று வெயிலில் வேலை செய்பவர்களையும் அந்தப் பரிசோதனையில் சேர்க்க வேண்டும். குறைபாடு தெரிந்த வீட்டுக்குச் சாதாரண அயோடின் உப்பையே, அளவைக் குறைத்துப் பயன்படுத்தும்படி தன்னார்வலர் நேரில் சொல்ல வேண்டும். ‘சிறுநீரக நோய் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது’ என்ற வரி பாக்கெட்டின் முன்பக்கத்தில், படிக்கும் அளவுக்குப் பெரிய தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பொட்டாசியம் மிகுந்து சேர்க்கப்படுவோரின் எண்ணிக்கையை மாதந்தோறும் கண்காணித்து, அது ஏறினால் திட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தைத் தனிக்குழு ஒன்றுக்குத் தர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சேர்க்கவில்லை; போதிய சான்று இல்லை என்பதே காரணம். அதனால் சத்துணவு, காலை உணவுக் கூடங்களுக்கு இந்த உப்பு இப்போது போகக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் தன்னார்வலர் வழியாகத் தனி அறிவுரை வேண்டும். இத்தனைக்கும் செலவு உண்டு. ஆனால் மறைந்திருக்கும் சிறுநீரக நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது, உப்புத் திட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்தே ஆக வேண்டிய வேலை.

இரண்டாவது எதிர்ப்பு அறிவியலுக்குள்ளிருந்தே வருகிறது. பல நாடுகளைச் சேர்ந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2014-ல் வெளியான ‘ப்யூர்’ ஆய்வு, உப்பை மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து கூடுவதாகக் காட்டியது. அதை வைத்து உப்புக் குறைப்பே தவறு என்று வாதிடுவோர் உண்டு. அந்த ஆய்வு ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீர் மாதிரியிலிருந்து உப்பின் அளவைக் கணித்தது. ஏற்கெனவே உடல்நிலை சரியில்லாதவர்கள் குறைவாகச் சாப்பிடுவதால்கூட அப்படித் தெரியலாம் என்ற விமர்சனம் அதன் மேல் இருக்கிறது. அந்த விவாதம் முடியட்டும்; அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சர்ச்சை அளவுக்கோட்டின் கீழ்முனை பற்றியது. நாம் நிற்பது மேல்முனைக்குப் பக்கத்தில். 10 கிராமை 8 ஆக்குவது நல்லதா என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பொட்டாசியம் கூடுதலாகச் சேர்ந்தால் ஆபத்து குறைகிறது என்பதையோ ‘ப்யூர்’ ஆய்வும் காட்டியிருக்கிறது. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைக் கூட்டும் உப்பு, இரு தரப்பும் ஒத்துப்போகிற இடத்தில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீனாவில் அளந்தது வெறும் ரத்த அழுத்தத்தை மட்டுமல்ல. எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையே நேரடியாக எண்ணினார்கள்.

மக்கள் என்ன உப்புச் சாப்பிட வேண்டும் என்று அரசு சொல்லலாமா என்பது மூன்றாவது கேள்வி. அயோடின் இல்லாத உப்பின் விற்பனைக்கு 1990-களின் கடைசியில் தடை வந்தது, 2000-ல் நீக்கப்பட்டது, 2005-ல் திரும்ப வந்தது. தடை என்ற வழி எவ்வளவு சர்ச்சையை இழுத்துவரும் என்பதற்கு அந்த வரலாறே போதும். இங்கே கேட்பது தடை அல்ல. இரண்டு உப்பும் ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும், எடுப்பவர் எடுக்கட்டும். இன்று நல்ல உப்பை எடுக்கும் சுதந்திரம் பணம் உள்ளவருக்கு மட்டுமே இருக்கிறது. விலையைச் சமமாக்கினால் அது எல்லோருக்கும் கிடைக்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழகிய நாக்கு ஏற்குமா என்றும் கேட்கலாம். இதில் உப்பு குறைவதில்லை, அதன் சேர்மானம்தான் மாறுகிறது. பொட்டாசியத்தின் பங்கு மிகுந்தால் லேசான கசப்புத் தட்டும். நாலில் ஒரு பங்கு என்ற அளவில் சீனக் கிராமத்து முதியவர்கள் ஏறக்குறைய ஐந்தாண்டு அதில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். இதோடு, பாக்கெட் தின்பண்டங்கள் வழியாக உப்புச் சேர்வது நகரங்களில் வேகமாகக் கூடிவருவதையும் மறக்கக் கூடாது. பாக்கெட்டின் முகப்பில் எச்சரிக்கை முத்திரையைச் சிலி நாடு 2016-லேயே கொண்டுவந்தது. நம் நாட்டில் இன்னும் இழுபறியாகவே இருக்கிறது. அதற்கும் மாநிலம் ஒன்றிய அரசை நெருக்க வேண்டும். ஆனால் அந்த முத்திரை வரட்டும் என்று அடுப்படி உப்பைக் காத்திருக்க வைக்கத் தேவையில்லை.

கடைசியாக, நெஞ்சு வலியோடு ஒருவர் வாசலில் நிற்கும்போது நாளை வராமல் போகும் நோய்க்குப் பணம் ஒதுக்குவதா என்ற கேள்வி. மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களே இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். சிகிச்சைக்கான பணத்தில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் 108 ஆம்புலன்ஸும் மாரடைப்பு அவசரப் பிரிவுகளும் இன்று உயிர் காத்துக்கொண்டிருக்கின்றன. அதேசமயம், தடுப்பு எப்போதும் பணத்தை மிச்சப்படுத்தும் என்று ஆசை காட்டுவதும் சரியல்ல. பல தடுப்புத் திட்டங்கள் செலவைக் கூட்டவே செய்யும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு ஆரோக்கியமான வாழ்நாள் கிடைக்கிறது என்பதே. அந்த அளவுகோலில் உப்புக் குறைப்பு மிக உயர்ந்த இடத்தில் இருப்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் தன் சிறந்த முதலீடுகளின் பட்டியலில் அதை வைத்திருக்கிறது. பக்கவாத சிகிச்சையின் எல்லையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். அதற்குள் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்கள் சிலரே. தாமதமாக வருபவர்களில் பலர் பிழைத்தாலும் ஒரு கை, ஒரு கால், பேச்சு என எதையாவது இழக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள மனைவியோ மகளோ வேலையை விடுகிறார். இந்த இழப்பை எந்தக் காப்பீட்டு அட்டையும் ஈடுகட்டுவதில்லை.

தடுக்கப்பட்ட பக்கவாதத்துக்குத் திறப்பு விழா கிடையாது. நன்றி சொல்லவும் ஆள் இல்லை, ஏனென்றால் தப்பித்தவருக்கே தான் தப்பித்தது தெரியாது. அதனால்தான் புதிய கட்டடங்களுக்குக் கிடைக்கும் அரசியல் ஆதரவு தடுப்புக்குக் கிடைப்பதில்லை. தமிழ்நாடு இந்தப் போக்கை ஒருமுறை மாற்றிக் காட்டிய மாநிலம். 1939-லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மண் இது. பெரும்பாலான மாநிலங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்குள் பொது சுகாதாரத்தைக் கரைத்துவிட்டபோது, தனி இயக்குநரகத்தையும் தனிப் பணியாளர்களையும் நூறாண்டாகக் காப்பாற்றி வைத்திருக்கும் மாநிலம். காலராவையும் அம்மையையும் எதிர்கொள்ள எழுந்த அந்த அமைப்பின் இன்றைய வேலை ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான். உப்பு விளையும் கடற்கரை, அரசின் உப்புக் கழகம், எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான நியாயவிலைக் கடை, வாசல்வரை போகும் சுகாதாரத் தன்னார்வலர் என்று இந்தத் திட்டத்துக்குத் தேவையான அனைத்தும் ஒருசேர உள்ள மாநிலம் நாட்டில் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் இரண்டு மாவட்டங்களுக்கான உப்புத் திட்டம் இடம்பெற வேண்டும். சுகாதாரம், உணவு, தொழில் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து அதற்கு ஒரே பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். சராசரி ரத்த அழுத்தம், பக்கவாத அனுமதிகள், பொட்டாசிய மிகைப் பாதிப்புகள் ஆகிய மூன்று எண்களையும் ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்க வேண்டும். நல்ல முடிவானாலும் கெட்ட முடிவானாலும் மறைக்கக் கூடாது. மூன்றாண்டில் பலன் தெரிந்தால் மாநிலம் முழுக்க விரிவாக்கலாம், தெரியாவிட்டால் நிறுத்தலாம். இதை அரசிடம் முதலில் கேட்க வேண்டியவர்கள் மருத்துவமனைத் தலைவர்களும் மருத்துவச் சங்கங்களும்தான். படுக்கையும் கருவியும் வேண்டும் என்று கோட்டையின் கதவைத் தட்டும் நாம், அந்தப் படுக்கைக்கு ஆள் வருவதைக் குறைக்கும் திட்டத்துக்காகவும் அதே உரிமையோடு தட்ட வேண்டும்.